செம்பூர் வண்டியில் பின்னிய குழந்தை ஸ்வெட்டர்

"மும்பையில் ஏது குளிர்? அங்கே பிள்ளைக்கு ஸ்வெட்டர் எதற்கு?" என்று ஊரிலிருந்து கேட்பார்கள். நம் ஊர் வெயிலைப் போலவே இங்கும் என்று அவர்களுக்கு எண்ணம். 1962 ஜனவரியில் சாந்தாகுரூசில் வெப்பநிலை 7.4 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. அந்தக் கணக்கை இன்றுவரை எந்த ஆண்டும் முறியடிக்கவில்லை. அவ்வளவு குளிர் எப்போதும் வராதுதான். ஆனாலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலை நான்கு மணிக்குத் தாராவியில் தகரக் கூரைக்குக் கீழே கைக்குழந்தையோடு படுத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். கூரை சில்லென்று குளிர்ந்து கிடக்கும்.

குளிர்காலம் ஒன்றுதான் காரணம் என்றும் இல்லை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழை. துணி காயாது, சுவர் காயாது. பிறகு ஊருக்குப் போகும் நீண்ட ரயில் பயணம். குளிர்சாதனப் பெட்டியில் இடம் கிடைத்தால் பெரியவர்களே இரவில் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொள்கிறோம். ஆறு மாதக் குழந்தைக்கு மேலே போட ஒரு சட்டை வேண்டாமா?

பிறந்த குழந்தை இருக்கும் வீட்டுக்கு எதைக் கொண்டுபோவது என்று யோசிக்கும் குமாஸ்தா குடும்பங்களுக்கு நான் சொல்வது, கையால் பின்னிய கோடு போட்ட ஸ்வெட்டர். இரண்டு ஊசி வைத்துப் பின்னுவது அல்ல. ஒரே ஒரு கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா. பையில் கொண்டுபோக எளிது, கூட்டத்தில் பக்கத்தில் இருப்பவரைக் குத்தாது, பாதியில் நிறுத்தினாலும் ஒரே ஒரு கண்ணிதான் அவிழும் நிலையில் இருக்கும். லோக்கல் ரயிலுக்கென்றே பிறந்த வேலை.

நூலைக் கொளுத்திப் பாருங்கள்

மாட்டுங்கா, தாதர் கடைகளில் "உல்லன்" என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துப் போடுவதில் பெரும்பகுதி ஆட்டு ரோமமே இல்லை. அக்ரிலிக் என்னும் செயற்கை நூல். மிருதுவாக இருக்கும், சாயம் போகாது, விலையும் குறைவு. அதனால் ஏமாந்துவிட்டோம் என்று சண்டைக்குப் போக வேண்டாம். என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் போதும்.

தெரிந்துகொள்ள ஒரு தீக்குச்சி போதும். ஓர் அங்குல நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடை வந்து, நெருப்பை விலக்கியதும் தானே அணைந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் அது கம்பளி. காகிதம் எரிவதுபோல் எரிந்து மெல்லிய சாம்பலானால் பருத்தி. உருகிச் சுருண்டு கெட்டியான கறுப்பு மணியாக நின்றால் அக்ரிலிக்.

இந்தச் சோதனை விளையாட்டுக்காக அல்ல. ஒரே அறையில் அடுப்பும் தொட்டிலும் இருக்கும் வீடுகள் நம்மிடையே எத்தனையோ. பருத்தியும் தீப்பிடிக்கும்தான். ஆனால் செயற்கை நூல் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அடுப்படிக்குப் பக்கத்தில் வளரும் குழந்தைக்கு நான் அக்ரிலிக் பின்ன மாட்டேன்.

மும்பைக்கு என் தேர்வு பருத்தி நூல்தான். வியர்வையை உறிஞ்சும், உறுத்தாது. ஊர்ப் பயணத்துக்கும் குளிர்ப் பிரதேசத்துக்கும் என்றால் மெல்லிய கம்பளி. எதுவானாலும் நாலு இழை நூலாக, இரண்டு நிறத்தில் 75 கிராம் வீதம் வாங்கினால் மிச்சமே இருக்கும். பருத்தியில் சிவப்பும் வெள்ளையும் சேர்த்துக் கோடு போட ஆசைப்படுகிறவர்கள், சிவப்பு நூலை ஈரமாக்கி வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள். முதல் சலவையில் வெள்ளைக் கோடெல்லாம் ரோஜா நிறமாகிப் போன ஸ்வெட்டரை நான் பார்த்திருக்கிறேன்.

ஊசி 3.5 மில்லிமீட்டர். பழைய எண்ணில் 9. லேஸ் பின்னும் சன்னமான இரும்பு ஊசி இதற்கு ஆகாது.

இங்கிலீஷ் பெயரும் அமெரிக்கப் பெயரும்

பின்னத் தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

பல ஆண்டுகளுக்கு முன் ஃபோர்ட் நடைபாதையில் பழைய புத்தகம் ஒன்று வாங்கினேன். அதில் இருந்த கணக்குப்படி, "டபிள் குரோஷா" என்று சொன்ன இடத்திலெல்லாம் பள்ளியில் கற்ற டபிள் குரோஷாவைப் போட்டேன். வரிசை எண்ணிக்கை சரியாக இருந்தது. பின்னி முடித்ததும் பார்த்தால் அகலம் சரி, நீளம் பாதிதான். குழந்தையின் தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. வீட்டில் ஒரு வாரம் சிரித்தார்கள்.

காரணம் பிறகுதான் புரிந்தது. புத்தகம் அமெரிக்காவில் அச்சானது. ஒரே முடிச்சுக்கு அங்கே ஒரு பெயர், இங்கிலாந்தில் வேறு பெயர். அமெரிக்கர்கள் "டபிள்" என்பதை இங்கிலாந்தில் "டிரெபிள்" என்பார்கள். இங்கிலாந்தின் "டபிள்" அமெரிக்காவில் "சிங்கிள்". நம் ஊர்ப் பள்ளிகளில் மிஷன் ஆசிரியைகள் கற்றுத் தந்தது இங்கிலாந்து வழி. புத்தகத்தில் எங்காவது "சிங்கிள் குரோஷா" என்ற சொல் கண்ணில் பட்டால் அது அமெரிக்கக் கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்துக் கணக்கில் அந்தப் பெயரே கிடையாது.

கீழே நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்து வழி. சட்டை முழுவதும் டிரெபிள். நூலை ஊசியில் ஒரு முறை சுற்றிக்கொண்டு கண்ணிக்குள் விட்டு நூலை இழுத்தால் ஊசியில் மூன்று கண்ணி நிற்கும். நூலைச் சுற்றி இரண்டின் வழியாக இழுங்கள். மறுபடி சுற்றி மிச்சம் இரண்டின் வழியாக இழுங்கள். ஒரு டிரெபிள் ஆயிற்று.

அளவு, மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரையுள்ள குழந்தைக்கு. அங்குலத்துக்கு ஐந்து டிரெபிள், இரண்டு அங்குலத்துக்கு ஐந்து வரிசை வர வேண்டும். முதலில் 25 டிரெபிளில் ஒரு துண்டு பின்னி அளந்து பாருங்கள். ஐந்து அங்குலத்துக்கு மேல் போனால் ஊசியைச் சன்னமாக்குங்கள், குறைந்தால் பருமனாக்குங்கள். "அளவுத் துண்டு பின்னுவது நேர விரயம்" என்பவர்கள்தான் பிறகு முழுச் சட்டையை அவிழ்ப்பவர்கள்.

முதுகும் முன்பக்கமும்

முதுகுக்கு 52 செயின் தளர்வாகப் போடுங்கள். ஊசியிலிருந்து நாலாவது செயினில் முதல் டிரெபிள். விட்ட மூன்று செயினும் ஒரு டிரெபிளாகக் கணக்கு. வரிசை முடிவில் 50 இருக்க வேண்டும். திரும்பும்போது மூன்று செயின் போட்டு, அதையே முதல் டிரெபிளாகக் கொண்டு, அடியில் இருக்கும் கண்ணியைத் தாண்டிப் பின்னுங்கள். கடைசி டிரெபிள் முந்தைய வரிசையின் மூன்று செயின் தலையில் விழ வேண்டும். புதியவர்கள் விடுவது இதைத்தான். ஒவ்வொரு வரிசையிலும் ஒன்று குறைந்து, சதுரமாக வர வேண்டியது கூம்பாகப் போகும். வரிசைக்கு வரிசை எண்ணிவிடுங்கள்.

இரண்டு வரிசைக்கு ஒரு நிறம். ஏன் இரண்டு என்றால், போய்த் திரும்பினால் நூல் தொடங்கிய ஓரத்துக்கே வந்து நிற்கும். அறுக்க வேண்டியதில்லை. ஓரத்தோடு ஏற்றிக்கொண்டு போகலாம். ஒரு வரிசைக் கோடு போட்டால் நூல் எதிர்க்கரையில் மாட்டிக்கொள்ளும், ஒவ்வொரு தடவையும் அறுத்து முடிச்சுப் போட வேண்டி வரும். நிறம் மாற்றும்போது பழைய நிறத்தின் கடைசி டிரெபிளில் கடைசி இழுப்பைப் புது நூலால் இழுங்கள். கோடு சுத்தமாக வரும். இப்படி 26 வரிசை, 13 கோடு. தொடங்கிய நிறத்திலேயே முடியும்.

முன்பக்கம் இரண்டு துண்டு. ஒவ்வொன்றுக்கும் 27 செயின், 25 டிரெபிள். இருபது வரிசை நேராக. இருபத்தோராவது வரிசையில் 16 டிரெபிள் மட்டும் பின்னித் திரும்பிவிடுங்கள். விட்ட ஒன்பதும் கழுத்து. அந்தப் பதினாறிலேயே ஆறு வரிசை. இப்படிச் செய்தால் நூல் ஏறிப்போகும் ஓரம் கழுத்துப் பக்கம் வராமல் விலாப் பக்கம் வரும், தையலுக்குள் மறைந்துவிடும். இரண்டு துண்டையும் ஒரே மாதிரி பின்னி, ஒன்றைத் திருப்பிப் போட்டால் இடமும் வலமும் கிடைத்துவிடும்.

கைக்கு 34 செயின், 32 டிரெபிள். 4, 7, 10, 13-ஆம் வரிசைகளில் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று கூட்டினால் 40 ஆகும். மொத்தம் 16 வரிசை. மணிக்கட்டு அகலமாகத் தெரிகிறதே என்று குறைக்க வேண்டாம். விரல்களை மடக்கி வைத்திருக்கும் குழந்தையின் கையை இறுக்கமான சட்டைக்குள் நுழைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தோள் 16 டிரெபிளுக்கு 16 டிரெபிள் இணைத்து, தோள் தையலிலிருந்து இரு பக்கமும் பத்து வரிசை அளவுக்குக் கையைப் பொருத்தி, பிறகு விலாவையும் கைக்குக் கீழும் மூடுங்கள். தையல் உள்ளே தடித்து நிற்காமல் தட்டையாக இருக்கட்டும். முன் ஓரத்திலும் கழுத்திலும் சுற்றி ஒரு வரிசை டபிள் குரோஷா.

பொத்தான் வேண்டுமா என்றால், நான் வைப்பதில்லை. வாயில் போகாத பொத்தான் கிடையாது. மார்புக்கு நேரே இரண்டு ஜோடிக் கயிறு, செயினிலேயே பின்னித் தைத்துவிடலாம். ஆறு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கழுத்தில் கயிறு கூடவே கூடாது. உள்பக்கம் நூல் நுனி ஒன்றுகூடத் தொங்கக்கூடாது. குழந்தையின் விரலில் அது சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். காரணம் தெரியாமல் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருக்கும்.

தூங்கும்போது ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவது நல்லது. பெரியவர்கள் போட்டிருப்பதைவிட ஓர் அடுக்கு கூடுதலாக இருந்தால் போதும். கைகால் சில்லென்று இருக்கிறதே என்று பாட்டிமார் மேலே மேலே போர்த்துவார்கள். கையைப் பார்க்கக்கூடாது, பிடரியையும் மார்பையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கே வியர்த்திருந்தால் அடுக்கைக் குறையுங்கள். எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு ஸ்வெட்டரைவிடத் தாயின் மார்புச் சூடுதான் பெரிது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகர மருத்துவர்கள் குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டும் முறையைத் தொடங்கினார்கள். இன்று அதை உலகமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

வண்டியில் நடந்த கணக்கு

செம்பூரில் ஏறி உட்கார இடம் கிடைத்தால் (நாலாவது சீட்டில் பாதி உடம்பு வெளியே இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்) முதுகில் ஒரு கோடு சுனாபட்டி தாண்டும்போது முடிந்துவிடும். வி.டி. போய்ச் சேர்வதற்குள் நான்கு கோடு. பெண்கள் பெட்டியில் கீரை ஆய்கிறவர்கள், பூக் கட்டுகிறவர்கள், சுலோகம் சொல்கிறவர்கள் நடுவே ஊசி ஓடுவதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மேற்கு ரயில்வே 1992 மே 5-ஆம் தேதி சர்ச்கேட்டுக்கும் போரிவலிக்கும் இடையே பெண்களுக்கென்றே தனி வண்டி விட்டது. அதில் பின்னல் வேலைக்குக் கேட்கவே வேண்டாம்.

ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்த பெண், என் மடியில் இருந்ததைத் தடவிப் பார்த்தாள். தாராவியில் இருக்கிறாள், சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். வீட்டிலேயே துணிக்கு ஓரம் பின்னிக் கொடுக்கிறாளாம், பீஸ் கணக்கில் கூலி.

"இது முடிக்க எம்புட்டு நேரம் ஆகும்க்கா?" என்றாள்.

இருவருமாக எண்ணினோம். முதுகு 1,300 டிரெபிள். முன்பக்கம் இரண்டும் 1,192. கைகள் இரண்டும் 1,160. ஆக 3,652. நிமிடத்துக்குப் பன்னிரண்டு என்றால் ஐந்து மணி நேரம். இணைப்பு, ஓரம், கயிறு, நுனி மறைப்பது எல்லாம் மூன்று மணி நேரம். எட்டு மணி.

"அப்போ ஒரு நாள் கூலில்லா இது!" என்றாள்.

அதுவரை அப்படி நினைத்துப் பார்த்ததில்லை நான். நான் பின்னியது உறவில் பிறந்த குழந்தைக்கு. கூலி என்ற பேச்சே எழவில்லை. அவளுக்கு அது பிழைப்பு.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. இரண்டு ஊசியில் பின்னும் பின்னலுக்கு எந்திரம் வந்து நானூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589-இல் காலுறை பின்னும் எந்திரம் செய்தார். லூதியானா ஸ்வெட்டர்கள் எல்லாம் அந்த வழியில் வந்த எந்திரங்களின் வேலை. குரோஷாவுக்கு அப்படி இல்லை. அதுபோலத் தோற்றம் தரும் துணியை எந்திரம் நெய்யும். உண்மையான குரோஷாவைத் தொழிற்சாலையில் பின்னித் தள்ளும் எந்திரம் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. கடையில் தொங்கும் ஒவ்வொரு குரோஷாச் சட்டைக்கும் பின்னால் எங்கோ ஒரு ஜோடிக் கை இருக்கிறது. மலிவு விலையில் அதைப் பார்க்கும்போது, நூல் விலையைக் கழியுங்கள், கடைக்காரர் பங்கைக் கழியுங்கள், மிச்சத்தை எட்டால் வகுத்துப் பாருங்கள்.

இந்தக் கணக்கை முறையாகப் போட்டுக் காட்டியவர் ஜெர்மனியைச் சேர்ந்த சமூகவியல் அறிஞர் மரியா மீஸ். ஆந்திராவில் கோதாவரிக் கரையோரம் நரசாபூர் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் குரோஷா லேஸ் பின்னி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அவர்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1982-இல் வந்தது. நாள் முழுக்கப் பின்னுகிற பெண்களை "வீட்டில் சும்மா இருப்பவர்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள்" என்று சொல்லியே, சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்கு வெகு கீழே கொடுத்துவந்தார்கள் என்பது அவர் கண்டது. நரசாபூர் லேஸுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெயருக்குக் கிடைத்த மதிப்பு பின்னுகிற விரலுக்கும் போய்ச் சேர வேண்டும்.

நம் தெற்கத்திச் சீமையிலும் இதற்குப் பழைய கதை உண்டு. நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1820-களில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா, கால்டுவெல் ஐயரை 1844-இல் மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்த வேலையும் கூடவே போயிற்று. அது தலையணையில் குண்டூசி நட்டு, பல நூல்கண்டுகளை மாற்றி மாற்றிப் பின்னும் லேஸ், குரோஷா அல்ல. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-இல்தான் ஒழிந்தது. அதற்கு முன்பே லேஸ் கூலியைச் சேர்த்துவைத்து அடிமைத்தளையிலிருந்து தம்மை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு என்று மிஷன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். கூலி கையில் வந்ததால் அவர்களால் அது முடிந்தது. பாராட்டு மட்டும் வந்திருந்தால் முடிந்திருக்குமா?

குரோஷாவுக்கு இப்போது மறுபடி மவுசு வந்திருக்கிறது. சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய "மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்" குழுவினர் 2016 ஜனவரியில் 11,148.5 சதுர மீட்டர் போர்வை பின்னிக் கின்னஸில் இடம்பிடித்தார்கள். ஆர்வத்துக்குப் பின்னுகிறவர்களும் பிழைப்புக்குப் பின்னுகிறவர்களும் பிடிப்பது ஒரே ஊசிதான்.

வீட்டில் பின்னிக் கொடுக்கும் சகோதரிகளுக்கு அந்த நாங்குநேரிப் பெண்ணிடம் சொன்னதையே சொல்கிறேன். ஆர்டர் எடுப்பதற்கு முன் ஒரு துண்டைக் கடிகாரம் பார்த்துப் பின்னுங்கள். ஒரு பீஸுக்கு எத்தனை மணி என்று எழுதிவையுங்கள். நூல் யாருடையது, திரும்பி வந்த பீஸுக்கு யார் பொறுப்பு என்பதை முதலிலேயே பேசுங்கள். நாலு பேர் சேர்ந்து ஒரே விலை சொன்னால் ஏஜெண்டு நாலாவது வீட்டுக்குப் போய்க் குறைத்துக் கேட்க முடியாது. உறவிலும் நட்பிலும் "ஒன்று பின்னிக் கொடேன், நூல் காசு தந்துவிடுகிறேன்" என்று கேட்பவர்கள், நூல் காசு தவிர எட்டு மணி நேரத்தையும் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்கட்டும்.

ஸ்வெட்டரை முதன்முதலில் போடும் முன் ஒரு தடவை அலசிவிடுங்கள். சோப்புத் தண்ணீரில் அமுக்கி எடுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் பாரத்தில் நீண்டுவிடும். துண்டின் மேல் பரப்பி நிழலில் காயட்டும். மழைக்காலத்தில் இரண்டு நாள் ஆகலாம்.

குழந்தை மளமளவென்று வளரும். ஆறாம் மாதம் தாண்டியதும் சட்டை குட்டையாகத் தெரியும். அதற்கும் வழி இருக்கிறது. அடியில் முதல் செயின் வரிசையில் நூலைக் கோத்து, நிறம் மாற்றி, கீழ்நோக்கி இன்னும் இரண்டு கோடு பின்னலாம். மணிக்கட்டிலும் ஒரு கோடு. கோட்டுச் சட்டையில் ஒட்டுப் போட்டது யாருக்கும் தெரியாது. அதற்காக இரண்டு நிறத்திலும் கொஞ்சம் நூலைச் சுற்றி, ஊசியோடு ஒரு டப்பாவில் எடுத்து வையுங்கள். பிறகு போய்க் கேட்டால் அதே சாயம் கடையில் இருக்காது.